டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் – லோகெய்னுக்காகவே ஆடலாம்

2009 நவம்பரில் வெளிவந்த பயோவேர் நிறுவனத்தின் இந்த ரோல்-பிளேயிங் கேமை இன்று வாங்கினாலும் காசு வீண் போகாது. காரணம், இதில் வில்லனாக வரும் லோகெய்ன் மாக் டிர். கதையின் பிற்பகுதியும் இங்கே வருகிறது. ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

லோகெய்ன் உழவர் வீட்டுப் பிள்ளை. ஆர்லே பேரரசிடமிருந்து, கதை நடக்கும் ஃபெரல்டன் நாட்டை மீட்க இளவரசர் மாரிக்கோடு சேர்ந்து போரிட்டு, டேன் ஆற்றுப் போரில் பெயர் வாங்கி, க்வாரன் பகுதிக்குத் தலைவரானவர். மாரிக்கின் மகன் கெய்லன் ஆட்சியில் அவர் படைத்தளபதி, அவருடைய மகள் அனோரா அரசி. டார்க்ஸ்பான் எனும் அரக்கக் கூட்டத்தை எதிர்த்து நடக்கும் ஆஸ்டகார் போரில், கோபுரத் தீ எரிந்ததும் பாய வேண்டிய படையை அவர் திருப்பிக்கொண்டு போகிறார். கெய்லன் சாகிறார். மகளின் பெயரால் நாட்டை ஆளும் ரீஜண்ட் ஆகிறார் லோகெய்ன்.

ஏன் திரும்பினார்? பெரிய குறை இங்கேதான். ஆர்லே மீதான அவருடைய அச்சத்துக்கு வலுவான சான்று, கெய்லனும் ஆர்லே பேரரசியும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அவை மூலக்கதையில் இல்லை, 'ரிட்டர்ன் டு ஆஸ்டகார்' என்ற டிஎல்சியில் (தனியாக வந்த கூடுதல் பகுதி) இருக்கின்றன. அனோராவுக்கு வாரிசு இல்லை, விலக்கிவிடு என்று கெய்லனுக்கு வந்த கடிதமும் அங்கேதான். அதனால் டிஎல்சிகளும் அடங்கிய அல்டிமேட் எடிஷனையே வாங்குங்கள். லேண்ட்ஸ்மீட்டுக்கு முன்பே இந்த டிஎல்சியை முடித்துவிடுங்கள்.

லேண்ட்ஸ்மீட் பிரபுக்களின் பேரவை. அங்கே லோகெய்னுக்கு எதிரான உங்கள் வாதம் எடுபடாமல் போவது பெரும்பாலும் தலைநகர் டெனரிமின் வேலைகளை அவசரமாக முடிப்பதால். லோகெய்னின் கூட்டாளி ஹோவின் நிலவறையில் அடைபட்டிருக்கும் பிரபு மகன் ஆஸ்வினை விடுவியுங்கள், அங்கேயே இருக்கும் இர்மின்ரிக் தரும் மோதிரத்தைப் பேரவையில் இருக்கும் அவர் தங்கை ஆல்ஃப்ஸ்டானாவிடம் சேருங்கள். எல்ஃப் சேரியில் அடிமை விற்பனைக்கான ஆவணத்தை அடிமை வணிகன் காலட்ரியஸிடமிருந்து எடுக்காமல் வெளியே வராதீர்கள். அனோராவிடம் பேசும்போது அவள் தந்தையைக் கொல்வேன் என்று சொல்லிவிட்டால் அவையில் அவள் உங்களுக்கு எதிராகத் திரும்புவாள். வாக்கில் வென்றாலும் தோற்றாலும் கடைசியில் லோகெய்னோடு ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை உண்டு. உங்களுக்குப் பதிலாகத் தோழர் ஒருவரையும் இறக்கலாம்.

சண்டை முடிந்ததும் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். மூத்த கிரே வார்டன் (டார்க்ஸ்பானை எதிர்க்கும் வீரர் குழு, நீங்களும் அதில் ஒருவர்) ரியோர்டன் சொல்வதைக் கேட்டு லோகெய்னையும் கிரே வார்டன் ஆக்கினால் உங்கள் தோழன் அலிஸ்டர் கோபித்துக்கொண்டு அணியை விட்டுப் போய்விடுவான். வலிக்கும், ஆனாலும் ஒருமுறையாவது இந்த வழியில் போங்கள். லோகெய்னின் முகாம் பேச்சுகள் இந்த கேமின் மிகச் சிறந்த எழுத்துகளில் சேரும். அவருக்குப் பிடித்த பரிசு நிலவரைபடங்கள். வழியில் கிடைப்பவற்றை விற்றுவிடாதீர்கள். அவர் வந்து சேர்வதற்குள் கதை முடியும் தறுவாய்க்கு வந்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். வேறு வேலைகள் சிலவற்றை மிச்சம் வைத்திருந்தால் அவரோடு கூடுதல் நேரம் கிடைக்கும். இறுதிப் போரில் டார்க்ஸ்பானை வழிநடத்தும் டிராகனான ஆர்ச்டீமனை வீழ்த்தும் கடைசி அடியை அவரே ஏற்று உயிர் விடவும் வழி உண்டு.

கணினியில் ஆடுபவர்களுக்கு: இது 32 பிட் கேம். நினைவகம் கசிவதால் மணிக்கணக்கில் ஆடினால், குறிப்பாக டெனரிமில், லோடிங் இழுக்கும், கிராஷ் ஆகும். பின்_ஷிப் (bin_ship) கோப்புறையிலுள்ள டிஏஆரிஜின்ஸ் (DAOrigins.exe) கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, கேம் கூடுதல் நினைவகம் பயன்படுத்த உதவும் 4 ஜிபி பேட்ச் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டியை (கேம் பயன்படுத்தும் பிராசசர் கோர்களை) ஒரே கோருக்குக் குறையுங்கள். கன்சோலில் மேலிருந்து களத்தைப் பார்க்கும் கேமரா கிடையாது. பல எதிரிகளைத் திட்டமிட்டு அடிக்க வேண்டிய இடங்களில் அது பெரிய இழப்பு. கணினிப் பதிப்பையே வாங்குங்கள்.