தப்பாகக் கட்டிய இன்ஜின்: காரிலேயே சரிசெய்வதா, இறக்கிப் பிரிப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா?

பழைய காரின் இன்ஜினுக்கு முழு வேலையும் பார்த்து முடித்து, ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், சூடேறியதும் ஆயில் பிரஷர் முள் கீழே சரிகிறது, பின்னால் நீலப் புகை வருகிறது என்றால், உரிமையாளர் முன் மூன்று வழிகள் நிற்கின்றன. இன்ஜினைக் காரிலேயே வைத்துக்கொண்டு சம்ப்பையும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஹெட்டையும் (சிலிண்டர்களின் மேல் மூடி) மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். இறக்கி, கடைசி போல்ட் வரை பிரித்து மறுபடியும் கட்டலாம். அல்லது அதே வகை இன்ஜின் இன்னொன்றைத் தேடி வைக்கலாம். பெரும்பாலோர் செலவையும் அலுப்பையும் எடைபோட்டு இதை முடிவு செய்கிறார்கள். என் கருத்தில், இந்த முடிவைச் சொல்ல வேண்டியது ஆயில் ஃபில்டரின் மடிப்புகளுக்குள் என்ன கிடக்கிறது என்பதுதான். எண்கள் தேவைப்படும் இடங்களில் எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின், கிராங்க் ஷாஃப்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) ஐந்து மெயின் பேரிங்குகள் தாங்கும் 1798 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றுக்கும் இதே தர்க்கம் பொருந்தும்.

இன்ஜினைத் திறப்பதற்கு முன், குறை உண்மையில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். டாஷ்போர்டு கேஜ் பொய் சொல்லலாம். ஆகவே நம்பகமான மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை நேரடியாக இணைத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், ஐடிலில் 10 முதல் 25 பிஎஸ்ஐ வரையும் இருப்பது சரியான அளவு. ஐடிலில் 12 காட்டுகிறது என்று பயந்து இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. அது வீண் வேலை. பிரஷர் உண்மையிலேயே குறைவாக இருந்தால், முதலில், மிகையான ஆயில் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் இருக்கையில் ஒரு சிறு துகள் சிக்கியிருந்தாலே பிரஷர் தேறாது.

சிலிண்டர்களைச் சோதிக்க இரண்டு முறைகள் போட்டியில் உள்ளன. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனைக்குக் கருவி எளிது, நேரம் குறைவு. எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் போதும். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுபோலக் குறைவாகக் காட்டினால், நான்கிலும் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) கெட்டுப்போயிருக்கும் என்று நினைப்பதைவிட, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே அறிவு. அருகருகே உள்ள இரண்டு மட்டும் குறைந்தால் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். ஆனால் காற்று எங்கே தப்புகிறது என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு லீக்டவுன் சோதனைதான் வேண்டும்: பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, சிலிண்டருக்குள் 100 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, எத்தனை விழுக்காடு கசிகிறது என்று பார்த்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது வெடிப்பு. புதிதாகக் கட்டிய இன்ஜினில் கசிவு 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். 20ஐத் தாண்டினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் லீக்டவுனைத்தான் தேர்வேன். இருந்தாலும் இரண்டுக்குமே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஆயில் ரிங் சரியாக உட்காராமலோ, இரண்டாவது ரிங் தலைகீழாக மாட்டப்பட்டோ இருந்தால், இரண்டு சோதனைகளிலும் இன்ஜின் நன்றாகத் தேறிவிடும். சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலே கசிவை அடைத்து, கம்ப்ரஷனை உயர்த்திக்கூடக் காட்டும். புகை மட்டும் நிற்காது. இரண்டாவது ரிங்கின் ஒரு பக்கத்தில் மேல்புறம் எது என்பதற்கு ஒரு சிறு குறி பொறித்திருப்பார்கள். அதைக் கவனிக்காமல் மாட்டினால், ஆயிலைக் கீழே வழிக்க வேண்டிய ரிங் மேலே வழித்து அனுப்பும். முடுக்கும்போது புகை தள்ளினால் ரிங் பக்கமும், இறக்கத்தில் கால் எடுத்து இறங்கி மறுபடி மிதிக்கும்போது ஒரு வீச்சாகப் புகை வந்தால் வால்வின் தண்டு நகரும் குழலான வால்வு கைடு பக்கமும் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும்.

இனி ஃபில்டர். திருகி மாட்டும் வகை என்றால், ஹேக்ஸாவால் அறுக்கக் கூடாது. அறுத்த பொடியே உள்ளே விழுந்து ஏமாற்றும். அதற்கான வெட்டும் கருவியால் மூடியை எடுத்து, காகிதத்தை மடிப்போடு வெட்டி, வைஸில் வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். முதல் ஓட்டத்தில் சில மினுக்குகள் இருப்பது இயல்பு. காந்தத்தில் ஒட்டும் ஊசி போன்ற இரும்புச் சிம்புகள் என்றால் கேம் ஷாஃப்ட்டும் அது தள்ளும் டேப்பெட்டும் ஒன்றையொன்று தின்கின்றன. காந்தத்தில் ஒட்டாத, சாம்பல் நிறத்தில் மெல்லிய தகடு போன்ற துணுக்குகள் பேரிங்கின் மேல் பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் அந்தப் பூச்சைத் தாண்டி அடுத்த அடுக்குக்கு வந்துவிட்டது. விரல்களுக்கு இடையே நறநறவென்று அரைத்தால் அது பெரும்பாலும் சிலிண்டர் சுவரை இழைக்கும் ஹோனிங் கல்லின் பொடி. கட்டியவர் பிளாக்கைக் கழுவவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

முதல் வழிக்கு, அதாவது காரிலேயே வைத்துச் சரிசெய்வதற்கு, ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. அப்படியிருந்தால் இந்த வழி மிகவும் நியாயமானது. டைமிங் பல் மாறியது, கேஸ்கட் கசிவு, வால்வு கைடு, ரிலீஃப் வால்வு ஆகியவற்றுக்காக இன்ஜினை இறக்குவது தேவையற்ற உழைப்பு. இப்படிக் காரிலேயே சரிசெய்யக்கூடிய இன்னொன்றான த்ரஸ்ட் வாஷர் விஷயத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் இந்த அரைவட்டத் தகடுகளின் ஒரு முகத்தில் ஆயில் ஓடும் பள்ளங்கள் இருக்கும்; அந்த முகம் கிராங்க்கைப் பார்த்திருக்க வேண்டும். பிளாக்கைப் பார்த்து மாட்டிவிட்டால் வழவழப்பான எஃகு முதுகு கிராங்க்கோடு உரசும். கிளட்சை மிதிக்கும்போது முன் கப்பி நகர்வது கண்ணுக்கே தெரியும். டயல் கேஜ் வைத்து கிராங்க்கை நெம்பிப் பார்த்தால், 0.10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய ஆட்டம் 0.4 காட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால், சம்ப்பை இறக்கி நடு மெயின் பேரிங் மூடியைக் கழற்றி வாஷர்களை மாற்றலாம். தாமதித்தால் கிராங்க்கின் முகமே தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு அது காரின் அடியில் படுத்துச் செய்கிற வேலை அல்ல.

இந்த வழியில் நான் ஏற்காதது இரண்டு. கோடு விழுந்த கிராங்க்கின் மேல் புதிய பேரிங்கைக் கீழிருந்து மாட்டுவது ஒன்று: பிரஷர் சில வாரங்கள் உயரும், பிறகு பழைய நிலைக்கே வரும். கிராங்க் உள்ளே இருக்கும்போதே சிலிண்டரை ஹோன் செய்வது இன்னொன்று: என்னதான் துணி திணித்தாலும் கல்பொடி கிராங்க்கின் ஆயில் துளைகளுக்குள் போகும். முதலில் கட்டியவர் செய்த அதே தவறை நாமும் செய்ததாகிவிடும்.

ஃபில்டரில் பொடியோ உலோகமோ இருந்தால் இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. துகள் பேரிங்கில் மட்டும் இல்லை. பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் ஆயில் பாதையிலும், கிராங்க்கின் குறுக்குத் துளைகளிலும், பம்ப்பிலும் இருக்கிறது. அந்தப் பாதையின் அடைப்புகளைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷும் சோப்பு கலந்த சுடுநீரும் கொண்டு தேய்த்து, சிலிண்டர் சுவரில் வெள்ளைத் துணியைத் துடைத்தால் வெள்ளையாகவே வரும்வரை கழுவ வேண்டும். உடனே காற்றடித்து ஆயில் பூச வேண்டும், இல்லையென்றால் கண்முன்னே துரு பிடிக்கும். ஆயில் கூலரை உள்ளே முழுதாகச் சுத்தம் செய்ய முடியும் என்று நம்பக் கூடாது. புதிதாகப் போடுவதே பாதுகாப்பு. கூலரை அப்படியே விட்டுவிட்டு, மறுபடி கட்டிய இன்ஜினையும் அதே பொடியால் கெடுப்பது எளிதில் நடக்கக்கூடியது.

முழுதாகப் பிரிப்பதில் இன்னொரு பெரிய ஆதாயம், குறைக்கான காரணம் கையில் கிடைப்பது. கழற்றும் ஒவ்வொரு பேரிங்கின் முதுகிலும் இடத்தையும் மேல் கீழையும் எழுதி வரிசையாக அடுக்கினால் அவையே பேசும். ஒன்றில் மட்டும் மூலைவிட்டமாகத் தேய்மானம் இருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறது. எல்லாவற்றிலும் கரும்புள்ளிகள் பதிந்திருந்தால் அழுக்கு. மெயின் மூடிகள் இடம் மாறியிருந்தால் இடைவெளி ஒன்றில் அதிகமாகவும் இன்னொன்றில் இறுக்கமாகவும் இருக்கும். கிராங்க்கின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் அமரும் பகுதி) இரண்டு இடத்தில், இரண்டு திசையில் மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். 0.010 அங்குலம் அரைத்த கிராங்க்குக்கு ஸ்டாண்டர்டு பேரிங் போட்டிருப்பது போன்ற தவறு இங்கேதான் பிடிபடும். இந்த வழியின் குறை நேரம்தான். அவசரப்பட்டால் இரண்டாம் முறையும் தப்பாகவே முடியும்.

வேறு இன்ஜின் வைப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். கார் சீக்கிரம் ஓடும் என்பது உண்மை. எனினும் தெரிந்த நோயைக் கொடுத்துவிட்டுத் தெரியாத நோயை வாங்குகிறோம். காரின் மூல எண்ணோடு பொருந்திய பிளாக்கும் கைவிட்டுப் போகிறது. 1964 இறுதிக்கு முந்தைய மூன்று பேரிங் எம்ஜிபி இன்ஜினும் பிந்தைய ஐந்து பேரிங் இன்ஜினும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருந்தாலும், ஃப்ளைவீல் பக்கத்துப் பாகங்கள் அப்படியே பொருந்துவதில்லை. பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் கடைசி அளவான 0.040 அங்குலத்தையும் தாண்டி அரைக்க வேண்டியிருந்தாலோ மாற்று இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம். சிலிண்டர் பெரிதாகிவிட்டது என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது. ஸ்லீவ் (சிலிண்டருக்குள் பொருத்தும் உட்குழல்) போட்டு மீட்க முடியும். வாங்குவதாக இருந்தால், லீக்டவுன் சோதனையும் சம்ப்பைக் கழற்றிப் பார்ப்பதும் முடியாமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

எதையும் திறக்காமல் சற்றுப் பொறுப்பதும் ஒரு வழிதான். அது புகை மட்டும் இருந்து, பிரஷரும் ஃபில்டரும் நன்றாக இருக்கும்போது செல்லும். ரிங் இன்னும் படியவில்லை என்றால், மேடான சாலையில் நல்ல சுமையோடு முடுக்கியும் தளர்த்தியும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் படியக்கூடும். ஐடிலிலேயே நிறுத்திச் சூடேற்றிக்கொண்டிருந்தால் சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் வழவழத்துப் போய், பிறகு படியவே படியாது. கெட்டியான ஆயில் ஊற்றுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. அது கேஜைச் சமாதானப்படுத்துமே தவிர பேரிங்கை அல்ல.

மறுபடி கட்டிய இன்ஜினை முதலில் எழுப்பும்போது, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்ற வேண்டும். புதிய கேமும் புதிய டேப்பெட்டும் போட்டிருந்தால், எழும்பியதும் நிமிடத்துக்கு 2000 சுற்று வேகத்தில் 20 நிமிடம், துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள ஆயிலில் ஓட்டி, நிறுத்தி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, கழற்றிய ஃபில்டரை அதே வைஸில் பிழிந்து, அதே வெயிலில் மறுபடியும் விரித்துப் பார்க்க வேண்டும்.