ழ-வுக்கு ஒரு பொத்தான்: தமிழ்99-உம் என் கீபோர்டும், இரண்டரை ஆண்டு கழித்து

போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து நண்பன் கூப்பிட்டான். “மக்கா, நானும் சொந்தமா எழுத ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நீ வச்சிருக்க கீபோர்டு விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டா?” அவன் கேட்ட நேரத்தில் நான் வடசேரியில் ஒரு சர்வீஸ் கடையில், அதே கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சொன்ன பதிலில் கோபம் கொஞ்சம் கூடிப்போயிற்று. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

ஒயர்லெஸ், சின்னது, ஒரு பென்சில் பேட்டரி ஆறேழு மாதம் ஓடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முக்கியம், தமிழ் எழுத்துக்கே நேரடியாகப் பொத்தான் தருகிற தமிழ்99 தட்டச்சு முறையைப் பழகியது இதில்தான் என்பது.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற வாழை முழுவதையும் சாய்த்துப்போட்டது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று அப்போதே உட்கார்ந்தேன். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவைக்கும் முறைதான் அன்று தெரியும். மனதில் ஒரு சொல் வரும்; அதை விரல் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டும். ந-வா, ன-வா, ண-வா என்று ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டும். பத்து வரிக்குள் சொல்ல வந்தது போய்விட்டது. அப்புறம் பல வருடம் எழுதவே இல்லை.

தமிழ்99-இல் அந்த இடைத்தரகு கிடையாது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலான மெய். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பேசி, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. இப்போது விண்டோஸிலேயே கூட வருகிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். கன்னியாகுமரி என்று எழுதப் பதினோரு தட்டு போதும். ன-வை இரண்டு முறை தட்டினால் முதல் ன-வுக்குப் புள்ளி தானாக விழும். ங-வும் க-வும் தட்டினால் ‘ங்க’ வந்துவிடும். தேங்காய், மரச்சீனிக் கிழங்கு எல்லாம் வாயில் வருகிற வேகத்தில் திரையில் வரும். பப்படம் மட்டும் முதல் வாரம் பாடாய்ப் படுத்தியது. முதல் ப-வுக்கும் அடுத்த ப-வுக்கும் நடுவில் ஓர் அ தட்டினால்தான் புள்ளி தள்ளி விழும் என்று பிறகுதான் பிடிபட்டது. மூன்று வாரத்தில் விரல் பழகிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் யாரும் விட்டுவிடக்கூடாது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். தமிழ்99-இல் ழ இருப்பது சாய்கோட்டுப் (/) பொத்தானில், வலது கைச் சுண்டுவிரலுக்கு. இந்தக் கீபோர்டைச் சின்னதாக்க நினைத்தவர்கள் மேல் அம்புக்குறியை அந்த வரிசைக்குள் கொண்டுவந்து நுழைத்து, சாய்கோட்டுப் பொத்தானைப் பாதியாகக் குறுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது எப்போதாவது தொடுகிற மூலைப் பொத்தான். அதனால்தான் அத்தனை விமர்சனம் படித்தும் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. எனக்கு அது ழ. நான் எழுதுவதே மழையும் வாழையும் கிழங்கும்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. ஒரு பக்கத்தில் எத்தனை ழ வரும் என்று பாருங்கள்! பாதித் தடவை விரல் அம்புக்குறியில் விழும், கர்சர் மேல் வரிக்கு ஓடும், அடுத்த எழுத்து அங்கே போய் உட்காரும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றரை ஆண்டில் அந்தப் பொத்தானே செத்துப்போயிற்று. அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ‘மை பெய்தது’ என்றுதான் வந்தது. வேறொரு கோப்பிலிருந்து ஒரே ஒரு ழ-வை நகலெடுத்து, தேவைப்பட்ட இடத்தில் எல்லாம் ஒட்டி ஒட்டி ஒரு மாதம் எழுதினேன். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒட்டுப்போட்டு எழுதுவது எவ்வளவு வேதனை என்று எழுதிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

முதல் தடவை கொண்டுபோனபோது கடைக்காரத் தம்பி திருகாணிகளைக் கழற்றி உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிக் காட்டினார். சாய்கோட்டுப் பொத்தானுக்கு நேர் கீழே மட்டும் கறுத்துப் பொரிந்திருந்தது. “வீடு கடல் பக்கமா? உப்புக் காத்துல்லா அண்ணே, பிடிச்சிருக்கு.” ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து மூடிக் கொடுத்தார். ஒரு வருடம் தாங்கியது. போன வாரம் கடைக்குப் போனது இரண்டாவது தடவை. உப்புக் காற்றுக்குக் கீபோர்டைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியும் அப்படித்தான் அரிக்கிறது. பொத்தானைக் குறுக்கியதற்குத்தான் சொல்கிறேன்.

இரண்டரை ஆண்டில் ஆறு நோட்டு நிறைகிற அளவுக்கு என்னை எழுதவைத்திருக்கிறது. மற்ற எல்லாப் பொத்தானும் முதல் நாள் போலவே இருக்கின்றன. ஆனாலும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். விலை இன்னும் பாதியானாலும் வாங்க வேண்டாம்.

நண்பனிடம், தமிழ்99-ஐ இன்றைக்கே தொடங்கு, கீபோர்டைக் கடையில் போய்ச் சுண்டுவிரலால் ‘வாழைப்பழம்’ என்று பத்து முறை தட்டிப் பார்த்து வாங்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வருகிறான். தட்டிப் பார்க்க என்னுடையதையும் கையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான்.