மூன்று வரைபடங்கள், ஒரு கார்: ரேஸிங் கேமுக்கான கான்செப்ட் காரில் எந்த வழி?

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ரேஸிங் கேம் செய்துகொண்டிருக்கிறோம். அதில் ஓடும் கார்களில் ஒன்று முழுக்க எங்கள் கற்பனையாக இருக்க வேண்டும் என்று முடிவாகி, வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. எட்டு மாதம் ஓடிவிட்டது. மேஜைமேல் மூன்று வரைபடங்கள் கிடக்கின்றன. ஒன்று, நாளைக்கே பட்டறையில் கட்டத் தொடங்கலாம் என்கிற மாதிரியான கார். இன்னொன்று, எந்த விதிக்கும் கட்டுப்படாமல் வேகத்தை மட்டுமே குறிவைத்தது. மூன்றாவது, இன்றைய தொழில்நுட்பம் எட்டாத ஒரு யோசனையை எஞ்சினாக வைத்துக்கொண்டது. எதைக் கேமுக்குள் கொண்டுபோவது என்று தீர்மானிக்க, மூன்று வகையிலும் ஏற்கெனவே வந்த கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒப்பிடுவதற்குச் சரக்கு நிறைய இருக்கிறது. 2013-இல் கிரான் டூரிஸ்மோ என்ற ரேஸிங் கேம் தொடரின் 15-ஆம் ஆண்டையொட்டி, அதை உருவாக்கிய கஸுனோரி யமௌச்சி கார் நிறுவனங்களை அழைத்தார். உங்கள் மனதில் இருக்கும் கிரான் டூரிஸ்மோ காரை வரைந்து கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. ‘விஷன் கிரான் டூரிஸ்மோ’ என்ற பெயரில் அன்று தொடங்கிய வரிசை இன்றும் நீள்கிறது. விற்பனைக் கணக்கு, விபத்துப் பாதுகாப்பு விதி, உற்பத்திச் செலவு எதுவும் குறுக்கே நிற்காதபோது ஒவ்வொரு நிறுவனமும் எந்தப் பக்கம் ஓடியது என்பதை இந்த வரிசையில் தெளிவாகப் பார்க்கலாம்.

கட்டக்கூடிய கார்

வரிசையில் முதலில் வந்தது மெர்சிடிஸ், 2013 நவம்பரில். 5.5 லிட்டர் வி8, 585 குதிரைத்திறன், 1,385 கிலோ. எண்களில் அதிசயம் எதுவும் கிடையாது. நீண்ட மூக்கு, பின்னால் தள்ளி உட்கார்ந்த சின்ன ஓட்டுநர் கூண்டு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் எஞ்சின் எங்கே இருக்கிறது, எந்தச் சக்கரம் தள்ளுகிறது என்பது சொல்லாமலே புரிந்துவிடும். இந்த உடனடிப் புரிதலை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேமில் ஒரு காரைத் தேர்ந்தெடுப்பவர் அதைச் சில நொடிதான் பார்க்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

இந்த வழியில் வந்த கார்கள் சாலைக்கும் இறங்கியிருக்கின்றன. 2014 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியிலும் கேமிலும் சேர்ந்தே அறிமுகமான டொயோட்டா எஃப்டி-1-இன் சாயலை 2019-இல் வந்த சூப்ராவில் பார்க்கலாம். 2015-இன் புகாட்டி விஷன் அடுத்த ஆண்டே வந்த ஷிரோனுக்கு முன்னோட்டமாக அமைந்தது.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மெக்லாரன். 2017-இல் அவர்கள் கேமுக்கென்று வரைந்த அல்டிமேட் விஷன் காரில் ஓட்டுநர் உட்காரவே மாட்டார். மோட்டார் பைக்கில் படுத்துக்கொள்வதுபோல் நெஞ்சை முன்னால் சாய்த்துக் குப்புறக் கிடப்பார். 1,150 குதிரைத்திறன், 1,000 கிலோ. ஐந்து ஆண்டு கழித்து, 2022-இல், அதே யோசனையை நிஜமாக்கி சோலஸ் ஜிடி என்ற காரை அறிவித்தார்கள். மொத்தம் 25 கார்கள். ஒற்றை இருக்கை நடுவில் அப்படியே வந்தது. போர் விமானம்போல் முன்னால் நகர்ந்து திறக்கும் மூடியும் உண்டு. ஆனால் ஓட்டுநர் குப்புறப் படுக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கேம் காரில் இருந்த ஹைபிரிட் (எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) போய் 5.2 லிட்டர் வி10 எஞ்சின் வந்தது. சக்தி 840 குதிரைத்திறனாக இறங்கியது.

கேமிலிருந்து தரைக்கு வரும்போது எது உதிர்ந்தது, எது தங்கியது என்று கவனியுங்கள். கூண்டின் வடிவமும் நடு இருக்கையும் தங்கின. மனித உடம்பை வளைக்கச் சொன்ன பகுதி உதிர்ந்தது. என் முதல் வரைபடத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்து, ஓட்டுநரின் முழங்காலுக்கு இடமே இல்லாமல் நான் இழுத்திருந்த முன்பக்கத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

2022-இல் வந்த ஃபெராரி விஷனையும் இதே பக்கம்தான் சேர்க்க வேண்டும். 3 லிட்டர் வி6 எஞ்சினிலிருந்து 1,030 குதிரைத்திறன், மூன்று மின்மோட்டாரிலிருந்து 326, எடை 1,250 கிலோ. சாலையில் ஓடும் 296 ஜிடிபி-யின் எஞ்சின் குடும்பம்தான். உடலின் இரண்டு பக்கமும் காற்று நுழைந்து ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் கூண்டு அந்த வாய்க்கால்களுக்கு நடுவே தீவுபோல் நிற்கிறது. காற்று போகும் வழியைக் கண்ணால் பார்க்க முடிகிற கார் இது. அதற்காகவே எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

விதியில்லாத கார்

இந்த வகையின் தலைமகன் 2010-இல் கிரான் டூரிஸ்மோ 5-இல் வந்த ரெட் புல் எக்ஸ்2010. ஃபார்முலா 1 கார்களை வடிவமைத்த ஏட்ரியன் நியூவியும் யமௌச்சியின் குழுவும் சேர்ந்து செய்தது. விதிகள் அத்தனையையும் தூக்கிவிட்டால் தரையில் எவ்வளவு வேகம் சாத்தியம் என்பதுதான் கேள்வி. 545 கிலோ, 1,483 குதிரைத்திறன், மூடிய சக்கரங்கள், பின்பக்கம் ஒரு விசிறி.

அந்த விசிறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இறக்கை தரும் டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 300 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தம் 100-க்கு இறங்கும்போது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். ஆக, பிடிப்பு மிகவும் தேவைப்படுகிற மெதுவான வளைவில்தான் இறக்கை கைவிடும். காரின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறிக்கு இந்தத் தொல்லை கிடையாது. கார் நின்றுகொண்டிருந்தாலும் அது தரையோடு இழுத்துப் பிடிக்கும்.

இது கேமுக்காகப் பிறந்த கற்பனையும் அல்ல. 1970-இல் ஷாபரல் 2ஜே என்ற பந்தயக் கார், பனிச்சறுக்கு வண்டியின் எஞ்சினைக் கொண்டு இரண்டு விசிறிகளைச் சுழற்றியது. அந்த ஒரு பருவத்தோடு தடை செய்தார்கள். 1978-இல் கார்டன் மர்ரி வடிவமைத்த பிராபம் பிடி46பி ஸ்வீடன் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கியது. நிக்கி லௌடா 34 நொடிக்கு மேல் முன்னிலையில் ஜெயித்தார். அத்தோடு அந்தக் கார் திரும்பப் பந்தயத்துக்கு வரவில்லை. அதே மர்ரி 2020-இல் தன் டி.50 சாலைக் காரின் பின்னால் 400 மில்லிமீட்டர் விசிறி வைத்தார். 2022-இல் இங்கிலாந்தின் குட்வுட் மலைப்பாதையில் மெக்மர்ட்ரி ஸ்பெர்லிங் என்ற சின்ன மின்சாரக் கார், விசிறியின் தயவில், 39.08 நொடியில் ஏறிச் சாதனை படைத்தது. இவ்வளவு நல்ல யோசனையை இத்தனை ஆண்டு விதிகள் பூட்டி வைத்திருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இதே வழியில் இன்னும் தூரம் போனது 2015-இன் எஸ்ஆர்டி டோமஹாக் எக்ஸ். 749 கிலோ, வி10-உம் அழுத்தக் காற்று மோட்டாரும் சேர்ந்து 2,590 குதிரைத்திறன். ஓட்டுநர், போர் விமானிகள் போடும் ஜி-சூட் என்ற அழுத்த உடையைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று கணக்கு. கிலோவுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று போட்டுப் பாருங்கள்: மெர்சிடிஸ் 0.42, ஃபெராரி 1.08, மெக்லாரன் 1.15, எக்ஸ்2010 2.7, டோமஹாக் 3.4-க்கு மேல்.

என் இரண்டாவது வரைபடத்துக்கு நானும் 3 என்ற விகிதத்தையே வைத்தேன். இயற்பியல் குறியீடு எழுதும் நண்பர்தான் முதலில் ஓட்டினார். எங்களில் இளையவர். இரண்டு சுற்று போனதும் பேடைக் கீழே வைத்தார். “அண்ணா, இது எப்ப வழுக்கப் போகுதுன்னே தெரியல. ரோட்டைப் பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு, திடீர்னு சுவர்ல இருக்கேன்.”

அன்று ராத்திரி ரீப்ளேயை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிரேக் அடித்தபோது மூக்கு குனியவே இல்லை. வளைவில் உடல் சாயவில்லை. அழுத்தத்தைத் தாங்க சஸ்பென்ஷனை அவ்வளவு கெட்டியாக்கியிருந்தேன். டயர் கீச்சிடத் தொடங்கியதற்கும் கார் சுவரில் மோதியதற்கும் நடுவே கண் சிமிட்டும் நேரம்தான் இருந்தது. நிஜ ஓட்டுநருக்கு இடுப்பு சொல்லும், கழுத்து சொல்லும், இருக்கையின் அதிர்வு சொல்லும். திரைக்கு முன்னால் இருப்பவருக்குக் கண்ணும் காதும் உண்டு. நல்ல ஸ்டீயரிங் வீல் வைத்திருந்தால் கையும் உண்டு. அவ்வளவுதான். இந்த வகைக் கார் அவரோடு பேசுவதற்கு இருக்கும் மூன்று வாயையும் தானே அடைத்துக்கொள்கிறது.

விதியில்லாத கார்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, குறிப்பாக எக்ஸ்2010 மேல். அதன் கேள்வி நேர்மையானது. ஆனால் அதன் பலனை அனுபவிக்க அசாத்தியமான கை வேண்டும். கேம் வாங்கும் எல்லோரும் ஓட்டுகிற ஒரே கற்பனைக் கார் அதுவாக இருக்கக்கூடாது.

கதை கார்

2014 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் வந்த செவர்லே ஷாபரல் 2எக்ஸ்தான் இதற்குச் சிறந்த உதாரணம். 671 கிலோவாட் லேசர், அதன் துடிப்புகள் உண்டாக்கும் அதிர்வலை காரைத் தள்ளும். இங்கேயும் ஓட்டுநர் குப்புறத்தான் படுக்கிறார். பார்க்க அபாரம். ஆனால் லேசர் தள்ளும் கார் வளைவிலிருந்து வெளியே வரும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று விளையாடுபவர் மனதில் எந்த முன்னனுபவமும் இல்லை. முடுக்கும்போது பின்சக்கரம் வழுக்குமா? சக்கரத்துக்கும் தள்ளுவிசைக்கும் தொடர்பே இல்லாதபோது வழுக்கவும் வேண்டாமே. என் மூன்றாவது வரைபடத்தை இந்தக் கேள்வியோடு மூடி வைத்துவிட்டேன்.

சத்தம் பற்றி

மின்சாரமா, பெட்ரோலா என்பதில் நான் நிறையத் தடுமாறினேன். 2020-இன் ஜாகுவார் விஷன் எஸ்வி நான்கு மோட்டாரில் 1,903 குதிரைத்திறன் தருகிறது. ஒற்றை கியர் மின்சாரக் காரில் ஓர் அழகு இருக்கிறது: ஒலியின் சுருதியும் வேகமும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். காதாலேயே வேகத்தை அளந்துவிடலாம். ஆனால் கியர் மாறும் இடங்கள் ஒரு பாதையை மனப்பாடம் செய்ய உதவுகின்றன. ‘நான்காம் கியர் விழுந்ததும் திருப்ப வேண்டும்’ என்று விளையாடுபவர் உடம்பில் பதிந்துபோகிறது. அந்தத் தாளத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை. ஃபெராரி விஷன்போல் வி6 ஹைபிரிடையே எடுத்துக்கொண்டேன்.

இப்போது இருக்கிற கார்

முதல் வரைபடம்தான் அடித்தளம். 980 கிலோ, 900 குதிரைத்திறன், கிலோவுக்கு 0.92. நடு இருக்கை. உள்ளிருந்து பார்க்கும் கேமராவில் முன்கண்ணாடித் தூண் வளைவின் உள்விளிம்பை மறைத்துக்கொண்டிருந்தது. தூணை நான்கு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தி மெலிதாக்கியதும் பாதை ஓரத் திட்டான கெர்பின் சிவப்பு வெள்ளைப் பட்டை முழுதாகத் தெரிந்தது. சஸ்பென்ஷனை வேண்டுமென்றே இளக்கிவிட்டேன். பிரேக் அடித்தால் மூக்கு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குனிகிறது. ஒரு சுற்றில் சில பத்தில் ஒரு நொடி போகும். போகட்டும்.

இரண்டாவது வரைபடத்திலிருந்து விசிறியை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன், வேறொரு வேலைக்காக. வெளிக் கேமராவில் ஓட்டுபவர் பந்தயம் முழுக்கப் பார்ப்பது காரின் முதுகைத்தான். மூக்கையும் முன்விளக்கையும் தேர்வுத் திரையில் பார்த்ததோடு சரி. அதனால் விசிறியைப் பின்விளக்குகளுக்கு நடுவே, திறந்த வளையமாக, கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். மெதுவான வளைவு நெருங்கும்போது அதன் சுழற்சி ஏறுகிறது, சுற்றியுள்ள வளையம் பிரகாசமாகிறது. பிடிப்பு எல்லையைத் தொடும்போது வளையம் துடிக்கத் தொடங்குகிறது. டவுன்ஃபோர்ஸைக் கண்ணால் பார்க்க முடிகிறது. தம்பி மறுபடி ஓட்டினார். மூன்றாவது சுற்றில், வழுக்கிய காரை முதல்முறையாகத் தானே பிடித்து நேராக்கினார்.

விசிறியின் ஊளைச் சத்தம் மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. கொஞ்சம் கூட்டினால் டயரின் கீச்சொலியை விழுங்குகிறது, குறைத்தால் விசிறி ஓடுகிறதா என்றே காதுக்குத் தெரிவதில்லை. இந்த வாரம் அதை டயர் ஒலிக்குக் கீழே ஒரு சுருதியில் வைத்துப் பார்க்கிறோம்.