யூனிவேர்சல் கிரெடிட்: நல்ல இணையத்தளம், பொல்லாத நாள்காட்டி

யூனிவேர்சல் கிரெடிட் என்பது வருமானம் குறைந்தோருக்கும் வேலையில்லாதோருக்கும் பிரித்தானிய அரசு தரும் மாத உதவித்தொகை. அதன் இணையத்தளத்தின் வெளித்தோற்றத்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். விண்ணப்பம், ஆவணம், ஜொப் சென்டருக்கு (இதைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) அனுப்பும் செய்தி எல்லாமே 'ஜேர்னல்' என்ற ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. கன்சர்வேட்டிவ் தலைமையிலான பிரித்தானிய அரசு 2013 ஏப்ரலில் அஷ்டன்-அண்டர்-லைனில் தொடங்கிய திட்டம் இது. ஆறு பழைய உதவித்தொகைகளை ஒன்றாக்கியது. முன்பு தனித்தாய்க்கு வேலைக்கான டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவித்தொகை கிடைக்கக் கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை செய்தாக வேண்டும். இதில் ஐந்து மணித்தியாலம் செய்தாலும் உதவி உண்டு. அது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு சம்பளம், வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்ற நினைப்பில் கட்டிய இயந்திரம் இது. அந்த வாழ்க்கை இல்லாதவர்களைத்தான் போட்டு அடிக்கிறது.

விண்ணப்பிக்கும் நாளைப் பார்த்துத் தெரிய வேண்டும். 10ஆம் திகதி அனுப்பினால், ஒவ்வொரு மாதமும் 10 முதல் அடுத்த மாதம் 9 வரை உங்கள் கணிப்புக் காலம், அதாவது அந்த மாத வருமானத்தைக் கணக்கிடும் காலம். காசு வருவது 16ஆம் திகதி. முதல் காசுக்கு ஐந்து கிழமை காத்திருப்பு. இடையில் 'அட்வான்ஸ்' எடுக்கலாம். வட்டியில்லாக் கடன், 24 மாதத்தில் கழிப்பார்கள். முழுத்தொகையையும் தருவார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்காதீர்கள். வேலை போனவர்கள் கடைசிச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் விண்ணப்பிப்பது நல்லது. அதற்குமுன் அனுப்பினால் அந்தச் சம்பளமும் முதல் கணிப்புக்குள் விழுந்து முதல் கொடுப்பனவைத் தின்றுவிடும். சம்பளம் வரப் பல நாள் இருந்தால் மட்டும், காத்திருப்பதில் போகும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மிக மோசமாக மாட்டுவது நாலு கிழமைக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிறவர்கள். சில சூப்பர்மார்க்கெட்டுகளில் அதுதான் வழக்கம். ஒரு பிள்ளையோடு வாடகை உதவியும் பெறும் தாயை எடுங்கள். 2025-26 கணக்கில் அவருடைய சம்பளத்தில் முதல் 411 பவுண்ஸைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்ஸுக்கும் 55 பென்ஸ் வெட்டு. கைக்கு வருவது 900 பவுண்ஸ் என்றால் வெட்டு 268.95. வருடத்தில் 13 சம்பளம், கணிப்புக் காலமோ 12. ஆகவே ஏதோ ஒரு காலத்தில் இரண்டு சம்பளம் விழத்தான் செய்யும். அப்போது 1,800 பவுண்ஸ் உழைத்ததாகக் கொண்டு 763.95 வெட்டுவார்கள். உதவி ஒரே மாதத்தில் 495 பவுண்ஸ் இறங்கும். அதே மாதத்தில் இலவச மருந்துச் சீட்டும் போகும், ஏனெனில் பிள்ளை உள்ளவருக்கு இங்கிலாந்தில் அதன் எல்லை 935 பவுண்ஸ். வழக்கம்போல மருந்துப் படிவத்தில் இலவசம் என்று புள்ளடி போட்டவருக்கு 100 பவுண்ஸ் வரை அபராதக் கடிதமும் வரலாம். மாதச் சம்பளம் இரண்டு ஒரே காலத்தில் விழுந்த நான்கு தாய்மாரின் வழக்கில் 2020 ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரு சம்பளத்தை வேறு காலத்துக்கு மாற்ற விதி வந்தது. அது மாதச் சம்பளத்துக்கு மட்டும்தான். நாலு கிழமைக்காரருக்கு இல்லை. பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) திகதிகளை வருட ஆரம்பத்திலேயே நாள்காட்டியில் குறித்து, இரண்டு சம்பளம் விழும் மாதத்தைக் கண்டுபிடித்து வையுங்கள். உதவி பூச்சியமாகிக் கோப்பு மூடப்பட்டால் ஆறு மாதத்துக்குள் மீண்டும் விண்ணப்பிக்கலாம். பழைய திகதிகளே தொடரும், ஐந்து கிழமை மறுபடி இல்லை.

கணவன் மனைவிக்குக் காசு ஒரே கணக்குக்குத்தான் போகும், பிள்ளைகளின் பங்கும் சேர்த்து. அது தாயின் கணக்காகவும் இருக்கலாம். விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதுவியுங்கள். வீட்டில் வன்முறை இருந்தால் பிரித்துத் தர ஏற்பாடு உண்டு என்கிறார்கள். ஆனால் பிரித்த மாதமே அவன் கணக்கில் காசு குறையும், கேட்டது யார் என்று அவனுக்கு விளங்கிவிடும். இதை வடிவமைத்தவர்களுக்கு இது தோன்றவில்லையா? பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 வீதம் திரும்பும். 2025-26இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031.88 பவுண்ஸ், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 1,768.94 பவுண்ஸ் உச்சம். முன்பு கைக்காசைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். 2023 ஜூனிலிருந்து வேலை தொடங்குவோருக்கும் மணித்தியாலம் கூட்டுவோருக்கும் முற்பணம் உண்டு. கேட்காமல் தரமாட்டார்கள்.

2017 ஏப்ரல் 6இலும் அதற்குப் பிறகும் பிறந்த மூன்றாவது பிள்ளைக்குக் காசு இல்லை என்ற விதி, பெரிய குடும்பங்கள் அதிகமுள்ள வங்காளதேச, பாகிஸ்தானியச் சமூகங்களைக் கூடுதலாக வருத்தியது. 2026 ஏப்ரலிலிருந்து அதை நீக்குவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் லேபர் அரசு அறிவித்தது. ஆனால் மொத்த உதவிக்கான உச்சவரம்பு லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்ஸ். வாடகையே பெரும்பகுதியை விழுங்கும் இடத்தில் மூன்றாம் பிள்ளையின் காசு இந்த வரம்பில் முட்டி நின்றுவிடலாம்.

பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்துக் குடியுரிமையோடு லண்டன் வந்த நம்மவர்கள் 'பிரீ-செட்டில்ட்' (ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கான தற்காலிக வதிவிட அனுமதி) மட்டும் வைத்திருந்தால் அது தனியே போதாது. வேலை செய்பவர் போன்ற ஒரு தகுதியையும் காட்ட வேண்டும்: பேஸ்லிப், ஒப்பந்தம், பி60 (வருடச் சம்பளமும் வரியும் காட்டும் படிவம்). முன்பு இங்கே உழைத்து, பிள்ளை இங்கே பள்ளியில் படித்தால் அதுவும் உரிமை தரலாம். பள்ளிக் கடிதத்தையும் சேருங்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்து இந்த விஷயங்களைக் கதைக்க வேண்டாம்.

மறுப்பு வந்தால் ஒரு மாதத்துக்குள் ஜேர்னலில் 'மேண்டட்டரி ரீகன்சிடரேஷன்' (முடிவை மறுபடி பரிசீலிக்கக் கேட்பது) என்று தலைப்பிட்டு எழுதுங்கள். அதுவும் தோற்றால் இன்னொரு மாதத்துக்குள் டிரிபியூனல் என்ற மேன்முறையீட்டு மன்றத்துக்குப் போகலாம். விண்ணப்பத்துக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் 'ஹெல்ப் டு கிளெய்ம்' சேவை இலவசம். முதல் சரியான கொடுப்பனவு வரும்வரை உதவுவார்கள், மேன்முறையீட்டுக்கு வேறு ஆலோசகரைப் பிடிக்க வேண்டும்.