நைலான் நாடான்னு சொல்லி ஏமாத்துறாங்க, சேர் பின்னக் குடுக்கிறவங்க உஷார்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டணம் பக்கம் யாராவது வெளிய போடுற சாய்வு சேருக்கு நாடா மாத்த ஆள் தேடிக்கிட்டு இருந்தீங்கன்னா இதப் படிச்சுட்டு அப்புறம் குடுங்க.

எங்க வாப்பா சவுதில இருந்து வரும்போது கொண்டு வந்த அலுமினிய சாய்வு சேர் 4 இருக்கு. பைப்புக்கு இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆகல, நாடா மட்டும் நைஞ்சு தொங்கிப் போச்சு. அஸர் தொழுதுட்டு வந்தா மாடில அந்த சேர்ல சாஞ்சுதான் காத்து வாங்குவாரு, அதனால தூக்கிப் போட மனசு வரல. பிப்ரவரி கடைசில வண்டில மைக் கட்டி "கட்டில் பின்னுறது, சேர் பின்னுறது"ன்னு ஒரு ஆள் வந்தாரு, கேட்டதும் ஒரிஜினல் நைலான் நாடா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, 3 வருஷத்துக்கு அசையாதுன்னு சொல்லி சேருக்கு 850 ரூபா வீதம் 3400 கேட்டாரு, 2000 அட்வான்ஸ் வாங்கிட்டு 4 சேரையும் வண்டில ஏத்திட்டுப் போயிட்டாரு. அங்கதான் நாங்க தப்பு பண்ணிட்டோம், வாசல்லயே உக்கார வச்சு பின்ன சொல்லிருக்கணும்.

4 நாள்ல வந்துச்சு. பாக்க பளபளன்னு இருந்துச்சு, மீதிப் பணத்தையும் குடுத்துட்டோம். மே மாசம் கத்திரி வெயில்ல ஒரு நாள் வாப்பா உக்காந்த உடனே நடு நாடா டப்புன்னு அறுந்து, பக்கத்து நாடாவும் பிச்சுக்கிட்டு கீழ விழுந்துட்டாங்க. மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் சோறு கூட எடது கையாலதான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அறுந்த நாடாவ விரல்ல தேச்சுப் பாத்தா வெள்ளையா மாவு மாதிரி உதிருது. பக்கத்து வீட்டு காக்கா (அண்ணன்) கடலுக்குப் போறவங்க, அதுல ஒரு துண்ட வெட்டி வாளித் தண்ணில போட்டாங்க, மிதந்துச்சு. "தம்பி, நைலான் முங்கும், இது பாலி ப்ரொப்பலீன், மிதவைக் கயிறு மாதிரி மிதக்குது பாரு"ன்னாங்க. அது மட்டமான சரக்கா இருந்து வெயிலுக்கான மருந்து கலக்காம இருந்தா நம்ம ஊரு வெயில்ல சீக்கிரமே பொடிஞ்சிரும். நைலானும் வெயில்ல தேயும்தான், ஆனா ரெண்டரை மாசத்துல இப்படி பொடியாகாது. வெளிய கிடக்குற சேருக்கு நைலானை விட பாலியஸ்டர் நாடா வெயிலத் தாங்கும்.

ஸ்க்ரூவும் பொய்தான். காந்தம் வச்சா பச்சக்குனு ஒட்டுது, எல்லாம் சாதா இரும்பு, உப்புக் காத்துல துருப்பிடிச்சு ஓட்டையச் சுத்தி நாடா காவி கலர்ல வெந்து போன மாதிரி இருக்கு. அத விட மோசம், நாடா முனைய மடிக்கவே இல்ல. முனைய நெருப்புல லேசா கருக்கி, முக்கோணமா மடிச்சு, அந்த மடிப்பு மேல வாஷர் போட்டு ஸ்க்ரூ ஏத்துனாதான் பிடிக்கும், இவரு ஒத்தையா ஓட்ட போட்டு முறுக்கிட்டாரு, பிரியாம என்ன செய்யும்.

போன் பண்ணுனா மொத தடவ "வெயில்ல போட்டா கியாரண்டி கிடையாது"ன்னாரு, வெளிய போடுற சேர்னு சொல்லித்தானே குடுத்தோம்! அதுக்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப். பில்லும் கிடையாது, அதனால எங்க போய் கேக்குறதுன்னும் தெரியல.

தயவு செஞ்சு நாடாவையும் ஸ்க்ரூவையும் நீங்களே வாங்கிக் குடுங்க, இல்லன்னா பின்ற முன்னாடி ஒரு துண்டு வாங்கி தண்ணில போட்டுப் பாருங்க, ஸ்க்ரூல காந்தம் வச்சுப் பாருங்க, முழுப் பணத்த ஒரு வாரம் உக்காந்து பாத்த பிறகு குடுங்க. வயசானவங்க உக்கார்ற சேர் இது.

நானும் காக்காவும் பாலியஸ்டர் நாடா வாங்கி வாப்பா சேர மட்டும் பின்னி முடிச்சிருக்கோம், நல்லா நிக்குது. மிச்ச 3 சேரும் மாடி ஓரத்துல கிடக்கு, யாரும் மறந்து உக்காந்துறக் கூடாதுன்னு குறுக்க கயிறு கட்டி வச்சிருக்கேன்.