எப்பிங் வனம்: சட்டத்தின் காவலில் ஒரு நகர்ப்புறப் பூங்கா

லண்டன் நகரின் வடகிழக்கு விளிம்பில் ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் பரப்பில் நீண்டு கிடக்கும் எப்பிங் வனத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. இந்த வனத்தை எக்காலத்திலும் வேலியிட்டு அடைக்காமலும், அதில் கட்டடம் எழுப்பாமலும், மக்கள் உலாவி மகிழும் திறந்தவெளியாக வைத்திருக்க வேண்டும் என்றும், அதன் இயற்கைத் தோற்றத்தை இயன்றவரை பேண வேண்டும் என்றும் 1878-ஆம் ஆண்டின் எப்பிங் வனச் சட்டம், பாதுகாவலரான சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷனுக்குக் கடமை விதித்திருக்கிறது. பெருநகரத்தை வளைத்துச் செல்லும் எம்25 நெடுஞ்சாலைகூட, பெல் காமன் என்னுமிடத்தில் தரைக்கு அடியில் சுரங்கமாகத்தான் வனத்தைக் கடக்கிறது.

பராமரிப்பில் என்னை மிகவும் கவர்ந்தது, எதை அகற்றாமல் விட்டிருக்கிறார்கள் என்பதே. சாய்ந்து விழுந்த ஒரு பீச் மரத்தில், பாதையை மறித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு மீதியை அப்படியே மட்க விட்டிருந்தார்கள். பட்டை உரிந்த அடிமரத்தில் காளான்கள் அடுக்கடுக்காகப் படர்ந்திருந்தன, விரலால் அழுத்தினால் மரம் ஈரத்தூளாக உதிர்ந்தது. கொம்பு போன்ற தாடைகளைக் கொண்ட ஸ்டாக் வண்டின் புழுக்கள் இத்தகைய மட்கும் மரத்தைத் தின்றுதான் ஆண்டுக்கணக்கில் வளர்கின்றன. சுத்தம் என்ற பெயரில் சருகையும் பட்டமரத்தையும் வாரிக்கொட்டும் பூங்காக்களில் அவற்றுக்கு இடமே இல்லை.

ஆனாலும் இச்சட்டம் குறையற்றது என்று சொல்ல மாட்டேன். கால்நடைகளுக்கு எட்டாத உயரத்தில் கிளைகளை விறகுக்காக வெட்டி, மரத்தை மீண்டும் துளிர்க்க விடுவது இங்கு நூற்றாண்டுகளாக இருந்த வழக்கம். அந்த வெட்டுரிமையை 1878-ஆம் ஆண்டின் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்த உரிமையை இழந்ததற்கான இழப்பீட்டுத் தொகையில் லௌட்டன் ஊரில் எழுந்த லாப்பிங் ஹால் என்ற பொது மண்டபம் இன்றும் நிற்கிறது. வெட்டப்படாத ஹார்ன்பீம், பீச் மரங்களோ தலை கனத்துப் பருத்து, தரைக்கு வெயில் இறங்காதபடி நிழலை அடர்த்தியாக்கின. அதனால் தரைச்செடிகள் குன்றின. பிற்காலத்தில் ஆங்காங்கே கிளை வெட்டுவதையும் மேய்ச்சலையும் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. ‘இயற்கைத் தோற்றம்’ என்று பொதுவாக எழுதிவிடாமல், எந்த வாழிடத்தை எந்த முறையில் பேணுவது என்பதையும் சட்டம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதிதாகச் செல்பவர்கள் சிங்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கி, எட்டாம் ஹென்றி மன்னருக்காகக் கட்டப்பட்ட வேட்டை மாளிகையின் அருகிலிருந்து நடக்கத் தொடங்கலாம். உள்ளே நடக்கக் கட்டணமில்லை. மழைக்காலத்தில் பாதைகள் சேறாகிவிடுமாதலால் நீர்புகாத காலணி அவசியம். மலர்ப்பாத்திகளையும் சீராக வெட்டிய புல்தரையையும் விரும்புவோர் வேறு பூங்காவைத் தேர்ந்தெடுப்பது நல்லது; மற்ற அனைவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.