பிராவெக்டோ மாத்திரை: எடையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாத மருந்து

எங்கள் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்டின் எடை 28 கிலோ என்பதால், 20 முதல் 40 கிலோ வரையுள்ள நாய்களுக்கான 1000 மில்லிகிராம் பிராவெக்டோ மாத்திரையை, மருத்துவரின் சீட்டோடு ஓராண்டாகக் கொடுத்து வருகிறேன். ஒரு மாத்திரை 12 வாரங்களுக்கு உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் கட்டுப்படுத்துகிறது. முதல் சில வாரங்களில் உண்ணிகள் தென்படத்தான் செய்தன. சுவர் விரிசலில் பதுங்கியிருப்பவை நாயின் மேல் ஏறிக் கடித்த பிறகே சாகும் என்பதால், அதை மருந்தின் குறையாக நான் எண்ணவில்லை.

இந்த மாத்திரையை நான் நாடியதற்கு உண்ணி மட்டும் காரணமன்று. நாய்க்குச் சொறி வந்தபோது, இனத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஐவர்மெக்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட ஓரிடத்தில் ஆயத்தமானார்கள். இதயப்புழுத் தடுப்புக்கு அம்மருந்து மாதம் ஒருமுறை கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான் தரப்படுகிறது; அந்த அளவு, இம்மருந்தால் எளிதில் பாதிக்கப்படும் கோலி என்ற மேய்ப்பு இன நாய்களுக்கும் தீங்கு செய்வதில்லை. சொறிக்கோ கிலோவுக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம் வரை போகிறார்கள். மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் புரதத்தை உருவாக்குகிற எம்.டி.ஆர்.1 மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டுப் போன நாய்களுக்கு, 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே தள்ளாட்டம், எச்சில் வழிதல், கண்பாவை விரிதல், கடைசியில் நினைவிழப்பு வரை நேரலாம். இந்தக் குறைபாட்டை 2001இல் கண்டறிந்த காத்ரினா மீலி பணியாற்றும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, கோலிகளில் ஏறத்தாழ 70 விழுக்காடும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் பாதியும், ஜெர்மன் ஷெப்பர்டுகளில் சுமார் 10 விழுக்காடும் இதைச் சுமக்கின்றன. பத்தில் ஒன்று என்பது, என் பார்வையில், ஊசி போடுமுன் ஒரு கேள்வி கேட்கப் போதுமான எண்ணிக்கை.

பிராவெக்டோவில் உள்ள ஃப்ளூரலனர் வேறு வகை மருந்து. சொறியை உண்டாக்கும் நுண்பூச்சிகளையும் அது கொல்கிறது. அந்த மரபணுக் குறைபாடுள்ள கோலி நாய்களுக்கே, அதிகபட்ச அளவான கிலோவுக்கு 56 மில்லிகிராமைப் போல மூன்று மடங்கு கொடுத்துச் சோதித்தபோதும், ஐவர்மெக்டினால் வரும் நரம்புக் கோளாறுகள் காணப்படவில்லை. மேய்ப்பு இன நாய் வளர்ப்பவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

விலை கூடுதல்தான். அதைக் காரணம் காட்டி, 40 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். உடைக்கக் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருப்பதை அவருக்குக் காட்ட வேண்டியதாயிற்று. உணவோடு கொடுத்தால்தான் மருந்து நன்றாக உடலில் சேரும் என்பதும் அதே குறிப்பில் உள்ளது. எங்கள் நாய்க்கு அந்தச் சுவை பிடிக்காததால் முழு மாத்திரையையும் சோற்றுக்குள் வைத்துக் கொடுக்கிறேன். குடற்புழுவுக்கும் இதயப்புழுவுக்கும் இது பயன்படாது; அவற்றுக்குத் தனி மருந்து வேண்டும்.

ஆனால் எல்லா நாய்க்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ளூரலனரும் அதன் குடும்பத்து மருந்துகளும் சில நாய்களுக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. இந்த ஆபத்து குறிப்பிட்ட இனத்தோடு நிற்பதன்று, முன்பு வலிப்பே வராத நாய்க்கும் நேர்ந்திருக்கிறது. அடுத்த வீட்டு லாப்ரடாருக்கு இரண்டு முறை வலிப்பு வந்ததுண்டு. அவர்கள் மாத்திரையின் பெயரைக் கேட்டபோது பெயரைச் சொன்னேன். வலிப்பு வந்த கதையை மருத்துவரிடம் சொல்லாமல் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன்.